கழுவிய வான்கோழி

ஓவன் கதவைத் திறந்ததும் சூடான தேங்காய்ப்பால் மணம் முகத்தில் அடித்தது. லண்டன் மோர்டனில், என் வீட்டு நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், வான்கோழியில் இப்போதுதான் முதன்முறையாக அந்த மணம். எனக்கு மறுபடியும் ஒன்பது வயதாகிவிட்டது.

நாங்கள் லண்டனுக்கு வந்த புதிது. வான்கோழியின் நெஞ்சுப்பக்கம் காய்ந்து போகும் என்று யாரோ அம்மாவைப் பயமுறுத்தியிருந்தார்கள். அம்மா தோலுக்கடியில் கட்டித் தேங்காய்ப்பாலை விட்டு, வயிற்றுக்குள் பிய்த்த பாண் ரொட்டியும் வெங்காயமும் பச்சை மிளகாயும் அடைத்து வேகவைத்தார். வெட்டும்போது சாறு வழிந்தது. ஆனால் அன்று என் வகுப்புத் தோழி எமிலி சாப்பிட வருவதாக இருந்தது.

"கறி மணக்குது, அம்மா! எமிலி பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் சொல்லுவாள்," என்று அழுதேன்.

அம்மா வான்கோழித் தட்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். சின்னப் பிள்ளைகளுக்கு உறைக்காமலிருக்கக் கறித்துண்டைக் கழுவிக் கொடுப்பதுபோல, வெட்டிய இறைச்சி முழுவதையும் சுடுதண்ணீர்க் குழாயின் கீழே பிடித்துக் கழுவினார். எமிலி அந்தச் சக்கையைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினாள். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அதன்பின் எந்த நத்தாருக்கும் அம்மா வான்கோழிக்குத் தேங்காய்ப்பால் விடவில்லை.

இன்று, முதல் துண்டை அம்மாவின் தட்டில் வைத்தேன். மெதுவாக மென்றவர், வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"நல்ல பதமாயிருக்கு, பிள்ளை. வெளியாக்கள் ஆரும் வருகினமே? சொல்லு, கழுவித் தாறன்."