மூன்று கலயமும் ஒரு சிம்மாசனமும்

பலாப்பழ வாசனையும் அரிதார வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் போதும், எனக்கு வெள்ளிமலைக் கோடை விழா ஞாபகம் வந்துவிடும். நான் மூன்றாம் வகுப்பு முடித்த மே மாதம் அது. சங்கராபுரம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அப்பா, அம்மா, சித்தப்பா, நான் என்று நால்வரும் பஸ் ஏறி, மலை வளைவுகளில் குடல் புரளப் புரளப் போய்ச் சேர்ந்தோம்.

விழாத் திடலின் ஓரத்தில் யாரோ ‘ராஜா காலத்துக் கடைத்தெரு’ போட்டிருந்தார்கள். கூத்துக்காரர்களின் பழைய கிரீடம், புஜக்கீர்த்தி எல்லாம் மாட்டிக்கொண்டு சேவகர்கள் நின்றார்கள். நடுவில் ஜிகினாத் தாள் ஒட்டிய சிம்மாசனம். கயிற்றுக் கவணில் களிமண் உருண்டை வைத்துச் சுழற்றி வீசி, எதிரே மூங்கில்களில் கவிழ்த்திருந்த மூன்று கலயங்களையும் மூன்றே வீச்சில் உடைத்தால் அதில் உட்காரலாம், கிரீடத்தோடு போட்டோவும் உண்டு. அதில் உட்காராமல் மலை இறங்குவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

“அப்பா இருக்கேன் பாப்பா, நீதான் ராணி” என்று வேட்டியை மடித்துக் கட்டினார் அப்பா. தலைக்குமேல் பத்துச் சுற்றுச் சுற்றி வீசியும் மூன்று உருண்டைகளும் பின்னால் தொங்கிய படுதாவில்தான் பட்டன. சித்தப்பா இன்னும் வேகமாகச் சுற்றியதில் உருண்டை பின்பக்கம் பறந்து ஒரு சேவகனின் கேடயத்தில் ‘டங்’கென்று மோத, கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அம்மா கவணுக்குக் கை நீட்டினாள். கம்பு கதிர் பிடித்துவிட்டால் விடியலிலிருந்து எங்கள் கொல்லைக் காட்டுப் பரணில் நின்று கவண் வீசிக் கிளி ஓட்டுகிறவள் அவள்.

“கம்முனு இரு, நாலு பேரு பாக்கறாங்க” என்றார் அப்பா.

“பாக்கட்டுமே, இன்னா இப்போ?”

முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரே ஒரு சுற்று, சட்டென்று விட்டாள். கலயம் சிதறியது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது உடைந்தபோது நான் போட்ட கூச்சலில் தொண்டையே கட்டிக்கொண்டது.

“இன்னா அண்ணி, ஒரே சுத்துல வுட்டுட்டீங்க!” என்று வாய் பிளந்தார் சித்தப்பா.

“சுத்திகினே நின்னா கிளி காத்துகினு இருக்குமா?” என்றாள் அம்மா.

நான் சிம்மாசனத்தை நோக்கி ஓடினேன். அம்மா தோளைப் பிடித்து நிறுத்தினாள். “இரு பாப்பா. அடிச்சது நானு.” சொல்லிவிட்டுத் தானே ஏறி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். சேவகன் கிரீடம் வைத்தான். அப்பா கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அப்பப்பா, எனக்கு வந்த ஆத்திரம்! திரும்பும் பஸ்ஸில் நான் அவள் மடியில்கூட உட்காரவில்லை.

இப்போதும் கோடை விழா நடக்கிறது. அந்தக் கடைத்தெருதான் வருவதில்லை. எங்கள் கொல்லையிலும் கம்பு போய் மக்காச்சோளம் வந்துவிட்டது. என் ஆத்திரமும் எப்போது போயிற்றென்று தெரியவில்லை. போன மாதம் அலுவலக விழாவில், நான் செய்து முடித்த வேலைக்காக மேலதிகாரி வேறொருவரை மேடைக்கு அழைத்தார். நான் எழுந்து போய், அது என் வேலை என்று மைக்கிலேயே சொல்லி, சால்வையை வாங்கிக்கொண்டுதான் இறங்கினேன்.