லெம்பியும் என் கிழட்டு மோட்டாரும்

எங்கள் கர்ஹு ஏரியில் யாருடைய படகு மோட்டார் மக்கர் செய்தாலும் அது லெம்பியின் ஷெட்டுக்குத்தான் போகும். காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைப்பாள். மதியம் ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் ஷெட்டுக்குள் நுழைந்துவிடுவாள். கழற்றும் போல்ட்டுகளை அந்த வரிசையிலேயே முட்டை அட்டையின் குழிகளில் வைத்து, மூடியில் மோட்டார்க்காரன் பெயரை எழுதிவிடுவாள். ஒரு போல்ட் மாறி நான் பார்த்ததில்லை. மோட்டார் சரியாகும்வரை அட்டையை யாரும் தொடக்கூடாது. ஒரு தடவை நான் தொட்டு, ஸ்பேனரால் விரலில் அடி வாங்கியிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவள் பழுது பார்த்த மோட்டார்களில் ஒன்றே ஒன்று மட்டும் சரியாக ஓடவில்லை. அது என்னுடையது. இருபத்தாறு வருஷம் அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

ஷெட் முதலில் அவள் புருஷன் ஆர்வோவுடையது. அவன் வேலை செய்வான், இவள் விளக்குப் பிடிப்பாள், கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பாள். ஒரு பிப்ரவரியில் கூரையில் பனி தள்ளப் போனவன் விழுந்து இறந்துபோனான். அப்போது ஷெட்டில் பிரித்துப் போட்டபடி நாலு மோட்டார் கிடந்தது. பனி உருகியதும் ஒவ்வொருத்தராக வந்து, தொப்பியைக் கழற்றி, "உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்று சொல்லி மூன்றை எடுத்துப் போய்விட்டார்கள். நாலாவது என் அப்பா எனக்கு விட்டுப்போன பழைய மோட்டார்.

நானும் எடுத்துக்கொண்டு போகத்தான் போனேன். யோக்கியன் மாதிரி இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. உள்ளே லெம்பி முழங்கை வரை கரியாகி, என் மோட்டாரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக மாறிவிட்டது.

"எப்ப ரெடியாகும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை" என்றாள்.

வெள்ளிக்கிழமை ரெடியாகிவிட்டது. ஸ்டார்ட் ஆனது, புகைவிட்டது, நகர்ந்தது. ஆனால் பத்து நிமிஷத்தில் அக்கரை போகும் படகு அரைமணி நேரம் எடுத்தது. கரையில் நின்று, "எப்படி ஓடுது?" என்று கேட்டாள்.

"நல்லா ஓடுது" என்றேன்.

கடைத்தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "ஆர்வோ இருந்தாக்கூட இப்படிப் பண்ணியிருக்க மாட்டான்" என்று சொல்லிவைத்தேன். அதில் பொய் எதுவும் இல்லையே! அந்தக் கோடையிலேயே ஐந்தாறு பேர் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டார்கள். அவளும் கற்றுக்கொண்டாள், ஆர்வோவையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். என் மோட்டாரை மட்டும் திரும்பத் திறக்க நான் விடவில்லை. "நல்லா ஓடுறதை எதுக்குத் தொடணும்?" என்று ஒவ்வொரு வருஷமும் தட்டிக்கழித்தேன்.

கோடையின் நடுவில் வரும் ஜுஹான்னஸ் பண்டிகையன்று பழைய மோட்டார்களுக்கு ஒரு பந்தயம் வைப்போம். கடைசியாக வருபவனுக்குப் புகைபோட்ட மீனைக் கோத்து மாலை போடுவார்கள். இருபத்தாறு மாலை வாங்கிய கழுத்து இது. போட்டுவிடுவது லெம்பிதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மோட்டாருக்கு வயசாச்சு என்று நானும் கூடச் சிரிப்பேன்.

போன ஜூனில் நான் காட்டில் விறகு வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், படகின் பின்னால் மோட்டாரைக் காணோம்.

"லெம்பிகிட்ட கொடுத்துட்டேன்" என்றாள் என் பெண்டாட்டி டோரீன். நோயாளிகளைத் தூக்கிப் பழகிய நர்ஸ், அந்தப் பாரத்தைத் தனியாளாக வண்டியில் ஏற்றியிருக்கிறாள். "முழுசாப் பிரிச்சுப் பாருன்னு சொல்லிட்டேன். சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது மீன் வாடை இல்லாத ஜுஹான்னஸ் எனக்கு வேணும்."

அவள் கெட்டிக்காரி என்று இந்த ஏரி முதலில் நம்பியது என் பேச்சை வைத்துத்தான். அந்தப் பேச்சே பொய் என்று தெரிந்தால் அதற்கப்புறம் செய்த அத்தனை வேலையையும் அவள் சந்தேகப்பட மாட்டாளா? சாப்பிடாமல் ஓடினேன்.

நான் போனபோது ஃப்ளைவீலைக் கழற்றியாகிவிட்டது. சிலிண்டரை மூடும் ஹெட்டின் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக முட்டை அட்டைக்குள் போய்க்கொண்டிருந்தன. மூடியில் 'ரூடி' என்று என் பெயர்.

"லெம்பி, விட்டுரு. பழைய மோட்டாரு, போல்ட் ஒடிஞ்சுடும்."

"யோவ், போய் உக்காரு. நான் எந்தப் போல்ட்டை ஒடிச்சிருக்கேன்?"

ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு தட்டி ஹெட்டை எடுத்தாள். விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். அப்படியே நின்றுவிட்டாள்.

இந்தப் பழைய மோட்டார்களில் பிஸ்டனின் தலை தட்டையாக இருக்காது. ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. உள்ளே வரும் பெட்ரோல் புகையை அந்தச் செங்குத்துதான் மேலே தள்ளிவிடும். இரண்டு பிஸ்டனும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். இங்கே ஒன்று மட்டும், சண்டை போட்ட பெண்டாட்டி மாதிரி எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது.

"இதை ஆர்வோ போடல" என்றாள் மெதுவாக. "நான்தான் போட்டேன். அவன் போட்டது அந்தப் பக்கத்துல இருக்கு பாரு, சரியா இருக்கு."

விளக்கை என் பக்கம் திருப்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"பிஸ்டன் தெரியாது. மெதுவாப் போகுதுன்னு தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அந்த வெள்ளிக்கிழமைலேர்ந்து."

அவள் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். "அன்னைக்கு நீ மோட்டாரைத் தூக்கிட்டுப் போகத்தான் வந்த. வண்டியோட பின்கதவைத் திறந்துவச்சு, கயிறும் கையுமா வந்து நின்ன. எப்ப ரெடியாகும்னு கேக்க வர்றவனுக்குக் கயிறு எதுக்கு? எனக்கு அன்னைக்கே தெரியும்யா. அதுக்கு உன்னை எத்தனை ராத்திரி வாழ்த்தியிருக்கேன் தெரியுமா? ஆனா இது வேற. ஒவ்வொரு வருஷமும் மீனை மாட்டிவிட்டு உன்னைப் பார்த்து நான் சிரிச்சேனே! என்னைப் பார்த்துப் பாவப்பட்டியா?"

"முதல் வாரம் பாவப்பட்டேன். அதுக்கப்புறம் இல்ல."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

உண்மையைச் சொன்னேன். அந்த முதல் வருஷ ஜூனில் மழையில் சாலை அறுத்துக்கொண்டு போனது. அக்கரைக் கிழவரின் காலுக்குக் கட்டுப் போட, ஊருக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸை நான்தான் படகில் கூட்டிப் போனேன். பத்து நிமிஷத்தில் இறக்கிவிட்டிருந்தால் "நன்றி" என்று போயிருப்பாள். அரைமணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்தால் பேசாமல் எப்படி இருப்பது? மூன்றாவது தடவை, ஏரியின் நடுவில் என்னைக் கட்டிக்கிறியா என்று கேட்டுவிட்டேன். "கரை வர்றதுக்குள்ள சொல்றேன்" என்றாள் டோரீன். கரை வர ஏகப்பட்ட நேரம் இருந்தது.

"நீ சரியாப் போட்டிருந்தா நான் இன்னைக்கும் தனிக்கட்டைதான், லெம்பி. ஒவ்வொரு தடவை அந்த மீனைக் கழுத்துல மாட்டும்போதும் மனசுக்குள்ள உனக்கு நன்றி சொல்லிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. பிஸ்டனைக் கழற்றித் திருப்பிப் போட ஆரம்பித்தாள். நான் விளக்குப் பிடித்தேன்.

ஜுஹான்னஸ் அன்று நான் மூன்றாவதாக வந்தேன். கரையில் ஒரே கூச்சல். அதற்கு முந்தின வருஷம்வரை எனக்கு ஒரு இடம் முன்னால் வந்துகொண்டிருந்த தடியன் வெர்ன் மீன் மாலையோடு நின்று கத்தினான்: "அந்த மோட்டாருக்குள்ள என்னய்யா இருந்துச்சு?"

நான் ஏதோ மழுப்பப் பார்த்தேன். லெம்பி பெஞ்சுமேல் ஏறிவிட்டாள்.

"ஒரு பிஸ்டன் திரும்பி இருந்துச்சு. போட்டது நான். நான் முதல்ல சரிபண்ணின மோட்டார் அது. இந்த மனுஷன் இருபத்தாறு வருஷமா என்னைக் காட்டிக் கொடுக்கல. படகு மெதுவாப் போனதாலதான் டோரீன் கிடைச்சாளாம். என்னை நம்பி மோட்டார் கொடுத்தவங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன்."

அவளுடைய கை ஏப்ரனைப் பிசைந்துகொண்டிருந்தது.

"அப்ப நான் நாளைக்கே என்னோடதைக் கொண்டாறேன்" என்றான் வெர்ன். "ஒரு பிஸ்டனைத் திருப்பிப் போட்டுக் கொடு லெம்பி. எனக்கும் ஒரு நர்ஸ் கிடைக்கட்டும்!"

"உனக்கு ரெண்டையும் திருப்பினாலும் கிடைக்காது" என்றாள் லெம்பி. கூட்டம் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. இறங்க நான் கை கொடுத்தேன். பிடித்த கையை அவள் சற்று நேரம் விடவில்லை.

சாயங்காலம் மூன்று பேரும் என் படகில் வீட்டுக்குத் திரும்பினோம். முன்னால் லெம்பி, நடுவில் டோரீன். படகு பறந்தது. ஏரியின் நடுவில் டோரீன் என் முழங்காலில் கை வைத்து, "மெதுவாப் போயேன்" என்றாள். விசையைக் குறைத்தேன்.

சத்தம் தணிந்ததும் லெம்பி சட்டென்று திரும்பினாள். "ஏன், என்னாச்சு? எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது" என்றேன்.

அந்தக் கேள்விக்கு நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.