பன்னிரண்டு மணிச் சங்கும் மகாபலிபுரமும்

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊர் சுற்றினால் சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போகாதா என்று கேட்டு எழுதுகிறீர்கள். கெடாது. எழுபத்து மூன்றில், ஆவடியில் குடியிருந்தபோது, இதற்காக ஒரு பரீட்சையே எழுதியவள் நான்.

பரீட்சை வைத்தவர் என் வீட்டுக்காரர். பொங்கல் லீவில் கன்னியாகுமரி போகலாம் என்றேன். மகள் செல்விக்கு நாலு வயது, தம்பி மணிக்கு இரண்டரை. வேளை தப்பினால் இரண்டும் படுத்துவிடும் என்றார். முதலில் ஒருநாள் மகாபலிபுரம், அங்கே பிள்ளைகள் நேரத்துக்குச் சாப்பிட்டால் கன்னியாகுமரி என்று முடிவாயிற்று. இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் தொழிற்சாலைச் சங்குதான் கடிகாரம். பன்னிரண்டுக்கு ஊதினால் சோறு. நாலரைக்கு ஊதினால் அப்பா வருவார் என்று வாசலுக்கு ஓட்டம். ஓவர்டைம் உண்டென்பதால் ஞாயிற்றுக்கிழமையும் ஊதும். சங்கு ஊதாமல் தட்டில் கை வைக்கக் கூடாது என்று பழக்கியதே நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு ஞாயிறு காலை 6.10க்கு ஆவடியில் ரயில். சென்ட்ரலுக்கு முக்கால் மணி நேரம். சைக்கிள் ரிக்‌ஷாவில் பாரிமுனை, அங்கே 7.30 பஸ், ஆளுக்கு ரூ.2.20, பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை. பத்து மணிக்குள் மகாபலிபுரம். கல் யானையை விட்டு மணி இறங்கவே மாட்டேன் என்றான்.

புளிசோறு, அவரவர் தட்டு, பாய், ஆறவைத்த தண்ணீர், எல்லாம் கொண்டுபோயிருந்தேன். சரியாகப் பன்னிரண்டுக்குச் சவுக்கு நிழலில் தட்டு வைத்தேன். செல்வி கையைக் கட்டிக்கொண்டாள்.

"சங்கு ஊதல."

அவளைப் பார்த்து மணியும் வாயை இறுக்கிக்கொண்டான். கெஞ்சினேன், மிரட்டினேன், இங்கே தொழிற்சாலையே இல்லடி என்றேன். அப்படியென்றால் சோறும் இல்லை என்றாள் மகராசி. ஒரு மணி ஆயிற்று. பசியில் மணி தேம்பித் தேம்பி அழுகிறான், உருண்டையை நீட்டினால் தட்டிவிடுகிறான். இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் வேறு, புள்ள இன்னும் துன்னலயாம்மா என்று கேட்டுவிட்டார். எனக்கு மானம் போயிற்று. கன்னியாகுமரியும் போயிற்று. என் வாயாலேயே, நீங்க ஜெயிச்சிட்டீங்க என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் எழுந்து சவுக்குத் தோப்புக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஊ...ஊ என்று கிளம்பியது பாருங்கள்! மெல்ல ஏறி, நின்று, மெல்ல இறங்கி, அசல் பன்னிரண்டு மணிச் சங்கு. பத்து வருஷம் சங்கு கேட்ட காது அல்லவா அவருக்கு. இளநீர்க்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். சங்கு அடங்குவதற்குள் செல்வியின் கை சோற்றில் இருந்தது.

திரும்பி வந்தவரை ஏன் ஊதினீர்கள் என்று கேட்டேன்.

"கன்னியாகுமரி கெடக்குது, புள்ள அழுவுதே. அங்கயும் நான்தான் ஊதணும் போல கீது."

பாய், தட்டு, தண்ணீர் எல்லாம் எல்லாரும் சொல்லித் தருவார்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு வேளை எதனால் தெரிகிறது என்று புறப்படும் முன் ஒருநாள் கவனியுங்கள். குக்கர் சத்தமோ, ரேடியோவோ, எதுவானாலும் அதையும் கூடவே கொண்டுபோங்கள். மதியம் எங்கே இருந்தாலும் ஒரு மணி நேரம் நிழலில் உட்காருங்கள்.

பொங்கலுக்குக் கன்னியாகுமரி போனோம். பன்னிரண்டுக்கு ஊதினார். நாலரைக்கும், யாரும் கேட்காமலேயே, கொஞ்ச தூரம் தள்ளிப்போய் நின்று ஊதினார். இப்போது யாருக்குச் சோறு என்றேன்.

"சோத்துக்கா? ரெண்டும் அப்பான்னு ஓடியாருமே" என்றார்.