யூத ராசாக்களும் எங்கள் கோயில் சாவியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் சாவி அப்பாவிடம் இருந்தது. சாவி வைத்திருப்பவர்தான் திருவிழாவில் கரகம் தூக்குவார். மூத்த மகனுக்கு வரும் உரிமை அது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எங்களுக்கென்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் கிடையாது, என் படிப்பைத் தவிர. குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பல்கலைக்கழகம் போனவள் நான். சாவிக்கு ஆசைப்பட்ட சித்தப்பா அந்தப் படிப்பையே பிடித்துக்கொண்டார். விடுமுறைக்கு வந்திருந்த என்னைக் காட்டிக் கோயில் கூட்டத்தில் சொன்னார்:

"பொட்டப்புள்ளைய கண்ட ஊருல தங்கவிட்ட வீடு இது. அது என்னத்தப் படிச்சிச்சோ, யாருகூடப் படிச்சிச்சோ! அந்த வீட்டுக் கை கரகத்தத் தொட்டா ஆத்தா பொறுப்பாளா?"

சனம் சிரித்தது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "பெரிய தொரைகிட்டயே கேப்போம்டா" என்று தோட்ட மேனேஜரை இழுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தடுத்தேன். பல்கலைக்கழகத்தில் அந்தத் தவணைப் பாடத்தில்தான் ஹஸ்மோனிய வம்சத்தைப் படித்திருந்தேன். அந்நியரோடு போராடி யூத நாட்டை மீட்டு, அரசர்களாகவும் தலைமைக் குருக்களாகவும் இருந்த குடும்பம். அரசியான தாய் செத்ததும் அண்ணனும் தம்பியும் பதவிக்கு அடித்துக்கொண்டார்கள். இருவரும் தீர்ப்புக் கேட்டுப் போய் நின்றது ரோமத் தளபதியிடம். அவன் படையோடு வந்து ஆலயத்தின் கருவறைக்குள்ளேயே நுழைந்தான். நாடு ரோமர் கைக்குப் போயிற்று.

"தீர்ப்புச் சொல்றவரு சும்மா போகமாட்டாருப்பா. சாவிய எடுத்துக்கிட்டுத்தான் போவாரு."

"எவனோ ராசா கதைய வச்சு எனக்குப் புத்தி சொல்றியா? ஒன்னாலதான் நான் தலகுனிஞ்சு நிக்கிறேன்."

அப்பா தான் வளர்த்த சேவலோடு துரை பங்களாவுக்குப் போனார். சித்தப்பா சாராயப் போத்தலோடு போனார். துரை இரண்டையும் வாங்கிக்கொண்டு, சண்டை தீரும்வரை சாவி ஆபீசில் இருக்கட்டும் என்றார். திருவிழா வந்ததும் அதைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தார். கணக்கப்பிள்ளையின் மகன் கரகம் தூக்கினான். அப்பாவும் சித்தப்பாவும் சனத்தோடு சனமாக நின்று அவன் கையால் திருநீறு வாங்கினார்கள்.

திரும்பி வரும் வழியில் அப்பா கேட்டார்: "அந்த அண்ணன் தம்பி கடைசில என்னம்மா ஆனாங்க?"

என்னால்தான் தலைகுனிவு என்றவரிடம் எதையும் மறைக்க எனக்குத் தோன்றவில்லை.

"தம்பிக்கு வெசம் வச்சாங்க. அப்புறம் தம்பி மகன் பெரியப்பனோட காதக் கடிச்சான். ஒடம்புல கொற இருந்தா குருவா இருக்க முடியாதில்ல, அதுக்காக. கடைசில, அண்ணனுக்கு யோசன சொல்லிக்கிட்டு இருந்தவன் மகன் ராசாவானான். அவன் அந்த அண்ணனையும் கொன்னுட்டான்."

அப்பா நின்றார். பல நாளுக்குப் பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"தம்பிக்குத்தான் மொதல்லயா?" என்று கேட்டார்.