பூட்டிய கதவின் மேல் தீர்த்தம்

நீல வண்ணம் அடித்த இரும்புக் கதவின் மேல் தீர்த்தம் தெறித்து, கோடு கோடாக வழிந்து, பூட்டின் மீது சொட்டியது. தொழிற்சாலைப் பெண்கள் நாங்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அது ஆற வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. மராத்தி பேசும் ஊரில், ஹடப்சர் தொழிற்பேட்டையில் மின் சுவிட்சுகள் செய்யும் சின்ன தொழிற்சாலை. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அங்கே ஸ்பிரிங் பொருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் சூப்பர்வைசரை எல்லோரும் அக்கா என்போம். மராத்திப் பெண்களும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார்கள். அக்காவும் நானும் ஒரே மாதாகோயில் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள். முதலாளியும் எங்கள் பங்குதான். ஞாயிறு பூசையில் கணீர்க் குரலில் வாசகம் வாசிப்பவர். தொழிற்சாலை வாசலில் 'இறைவனுக்கே மகிமை' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்.

பெண்கள் கழிப்பறையைப் பூட்டி வைத்தவரும் அவரேதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் திறப்பார்கள். மற்ற நேரத்தில் திறந்திருந்தால் நாங்கள் உள்ளே போய் அரட்டை அடிக்கிறோமாம். அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டோம். மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, நாக்கு ஒட்டிக்கொள்ள உட்கார்ந்து வேலை செய்தோம். என் பக்கத்தில் இருந்த கர்ப்பிணிப் பெண் ஒருநாள் மேசை மேலேயே மயங்கிச் சரிந்தாள். அவளை ஆட்டோவில் அனுப்பிவிட்டு அக்கா நேராக முதலாளி அறைக்குப் போனார். ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா என்று முதலாளி கேட்டாராம். அக்கா திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

அடுத்த வாரம் தொழிற்சாலையின் ஆண்டு விழா. வழக்கம்போல் பங்குச் சாமியார் மந்திரிக்க வந்தார். இயந்திரங்கள், அலுவலகம், முதலாளியின் புதுக் கார் என்று ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனார். அக்கா குறுக்கே வந்து, இன்னும் ஓரிடம் பாக்கி இருக்கிறது என்று சொல்லி அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனார். நாங்களும் வேலையை விட்டு எழுந்து பின்னாலேயே போனோம். அக்கா பேசியது என்னவோ இந்தியில்தான். என் காதில் அது இன்றும் தமிழாகவே கேட்கிறது.

"ஃபாதர், இந்தக் கதவைத் திறக்கச் சொல்லி மந்திரிங்க. எங்களுக்கும் ஆண்டவருதான் மூத்திரப்பையைக் குடுத்திருக்காரு."

முதலாளி சிரித்து மழுப்பினார். சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது, அவன் வெளியே போயிருக்கிறான் என்றார். சாமியார் கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு பூட்டிய கதவின் மேலேயே தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு, சமோசாவும் டீயும் காத்திருந்த அலுவலகத்துக்குப் போய்விட்டார். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். சாவி வரும்வரை நிற்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லியிருந்தால் முதலாளி தட்டியிருக்க மாட்டார்.

மறுநாள் காலை அக்காவை கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். செய்தி தெரிந்ததும் ஒருத்திகூட வேலைக்கு உட்காரவில்லை. எல்லோரும் போய் அந்த நீலக் கதவின் முன்னால் நின்றோம். மதியத்துக்குள் பூட்டைக் கழற்றினார்கள். அதன் பிறகு அது பூட்டப்படவே இல்லை. ஆனால் அக்காவை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை. நாங்கள் யார் யாரிடமோ கெஞ்சிப் பார்த்தும் பலனில்லை.

அந்த ஞாயிறு பூசைக்கு அக்கா எப்போதும்போல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அதே முதலாளி அதே கணீர்க் குரலில் வாசித்தார். இந்த ஆள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு எப்படி உங்களால் உட்கார முடிகிறது என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"இது என்ன அவரு வீடா? எங்கப்பன் வீடுடி. நான் எதுக்கு வெளிய நிக்கணும்?"

சில ஆண்டுகள் கழிந்தன. அக்கா மகர்பட்டாவில் ஒரு ஐடி அலுவலகத்தைத் துப்புரவு செய்யப் போய்க்கொண்டிருந்தார். ஒரு தவக்காலத்தில், அன்றாட வாழ்வில் இறைவனை மகிமைப்படுத்துவது எப்படி என்று பங்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பேச வந்தவர் புன்னகை செய்யுங்கள் என்றார். பஸ்ஸில் போகும்போது செபமாலை சொல்லுங்கள் என்றார். துன்பங்களை முணுமுணுக்காமல் ஒப்புக்கொடுங்கள் என்றார். மண்டபம் தலையாட்டியது. கேள்வி உண்டா என்று கேட்டதும் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணை உங்கள் கழிப்பறைக்குள் விடுவீர்களா என்று இந்தியில் கேட்டேன். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் விடுகிறீர்கள்?

பேச்சாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. உட்கார்ந்துவிடலாம் என்று நாற்காலியைத் தடவினேன். பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"உக்காராத. பதில் வரட்டும்."