போர்மேன் சோலைச்சாமியின் வெள்ளரிக்கொடி

ஒன்பதே காலுக்கு ஒரு தடவை தொட்டாயிற்று. ஒன்பதரைக்கும் தொட்டாயிற்று. பத்து மணி ஆகப்போகும்போது சோலைச்சாமி மறுபடியும் ஏழாம் நம்பர் ரூமுக்குப் பின்னால் வந்து, வேலியோரம் குனிந்து, வெள்ளரி இலையின் மேல் புறங்கையை வைத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இலை விறைப்பாகத்தான் நின்றது. "இன்னும் நேரம் கெடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தார். அந்த நிம்மதிக்கு ஆயுசு கால் மணி நேரம்.

சிவகாசியை விட்டு வெம்பக்கோட்டைப் பக்கம் போகிற ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். வயது ஐம்பத்திரண்டு. காலில் செருப்பு கிடையாது. உடம்பில் பொட்டு உலோகம் கிடையாது. வெள்ளி அரைஞாணைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறார். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தைத் தாண்டிப் போய்த்தான் தும்முவார். எந்தக் கதவாவது படாரென்று சாத்திக்கொண்டால் அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்காது. "போர்மேன் அண்ணே நடந்தா எறும்புக்குக்கூட வலிக்காதுடி" என்று பெண்கள் சிரிப்பார்கள். சிரித்தபடியே அவர் சொல்கிற இடத்தில் சொல்கிறபடி உட்காருவார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சோலைச்சாமியை அரட்டியது பேயல்ல, ஒரு காலைப் பொழுது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேறொரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலையில் இருந்தார். மே மாசம், மணி பதினொன்று. தண்ணீர் குடிக்க வெளியே வந்தவர், வேலியோரம் தானாக முளைத்துக் கிடந்த வெள்ளரிக்கொடியைப் பார்த்தார். இலையெல்லாம் பிழிந்து போட்ட துணி மாதிரித் தொங்கின. 'கொடிக்கே இந்தப் பாடா' என்று நினைத்துக்கொண்டே டம்ளரை வாயில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் திரும்பிப் போவதற்கு அங்கே ரூம் இல்லை. உள்ளே, அவரோடு வேலை பார்த்த உக்கிரபாண்டியும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். அந்த நாளைப் பற்றி இன்றைக்குவரை அவர் சொல்வது இவ்வளவுதான்: "பாத்தேன். பாத்துப்பிட்டுத் தண்ணிதான் குடிச்சேன்."

அதிலிருந்து அவர் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு வெள்ளரிக்கொடி இருக்கும். காலை ஆறு மணிக்கு, மருந்து கலக்கத் தொடங்கும்முன், அதன் வேர் நனையக் குடம் நிறையத் தண்ணீர் ஊற்றுவார். "தண்ணி குடுத்தும் சாயுதுன்னா அது தாகமில்ல, வெயிலு. வெயிலு அம்புட்டு ஏறிட்டா மருந்து நம்ம பேச்சக் கேக்காது" என்பார். இலை நுனி தொங்கிவிட்டால் அவ்வளவுதான். மருந்து ரூம்களையெல்லாம் நிறுத்திவிட்டு ஆட்களை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவார். வெப்பம் பார்க்கிற மானி ஒன்று மேனேஜர் ரூம் சுவரில் தொங்குகிறது. சோலைச்சாமிக்கு அதில் நம்பிக்கை இல்லை. "அது பேனுக்கு அடியில இருக்கு சார். நெழல்ல உக்காந்துக்கிட்டு வெயிலப் பத்திப் பேசுனா எப்படி?"

கொடியை ஏன் ஏழாம் நம்பர் ரூமை ஒட்டி வைத்தீர்கள் என்று கேட்டால், "மண்ணு அங்கனதான் நல்லாருக்கு" என்பார். மண்ணாவது மண்ணாங்கட்டியாவது. ஏழாம் நம்பரில் மருந்து செலுத்துகிற நாலு பேரில் ஒருத்தி இருளம்மாள், அவர் மனைவி. கம்பெனிக்குள் அவளோடு ஒரு வார்த்தை பேச மாட்டார், பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். வேனில் வரும்போதுகூட அவள் பின் சீட்டு, இவர் முன் சீட்டு.

ஏப்ரலில் ஒருநாள் சாத்தூரில் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய்விட்டுத் தாமதமாக வந்தார். கொடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஒன்பது மணிக்கே இலை தலையைத் தொங்கப்போட்டது. அவர் பதறிப்போய் எல்லா ரூமையும் காலி செய்தார். மேனேஜர் அருள்பாண்டி வந்து கொடியடி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். மண் பொடியாக உதிர்ந்தது. "அண்ணே, இது வெயிலா தாகமா?" சோலைச்சாமி குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார். அரை நாள் வேலை போன பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்றுமுதல் அவருக்கு இரட்டைப் பயம்: இலை பொய் சொல்லிவிடுமோ என்று ஒன்று, நிஜத்தைச் சொல்லிவிடுமோ என்று இன்னொன்று.

அருள்பாண்டி கெட்டவரில்லை. சோதனைக்கு ஆபீசர்கள் வருகிறார்கள், கம்பெனி பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்று மதுரை நர்சரியிலிருந்து பூச்செடி வாங்கி வந்து ஆபீஸ் முன்னால் வைத்தார். "டே லில்லின்னு பேருண்ணே. காலைல பூக்கும், சாயங்காலம் முடிஞ்சிரும். மறுநா வேற பூவு."

"ஒரே நாள்தானா சார்?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார் சோலைச்சாமி. வீட்டுக்கு வந்தபின்தான் இருளம்மாளிடம் சொன்னார். "ஒரு நாளு தங்காததக் கொண்டாந்து பட்டாசுக் கம்பெனி வாசல்ல வைக்கலாமா?"

"பூவுதான, வச்சா என்ன? நீங்க ஒண்ணு" என்றாள் அவள்.

ஆனாலும் நியாயம் தெரிந்த மனுஷர். ஒரு வாரம் அந்தச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, தொட்டுப் பார்த்து, அதன் நல்லதையும் ஒத்துக்கொண்டார். வெள்ளரிக்கு வேரை அசைத்தால் போச்சு. லில்லியைப் பிடுங்கி எங்கே நட்டாலும் பிழைத்துக்கொள்ளும். வெள்ளரி மூன்று மாசத்தில் காய்ந்து சுருளும், திரும்ப விதை போட வேண்டும். லில்லி கிழங்காகக் கிடந்து வருஷக்கணக்கில் வரும். எல்லாம் சரிதான். "ஆனா உச்சி வெயில்லயும் அந்த எல கத்தி மாதிரி நிக்குது சார். வலிச்சாலும் வாயத் தொறக்காத ஆளோட எப்படிக் குடும்பம் நடத்த?"

போன புதன்கிழமை அருள்பாண்டி கூப்பிட்டுச் சொன்னார். "நாளைக்கு ஆபீசர் வாராரு. ரூமுக்குப் பக்கத்துல கொடி கெடந்தா குத்தம்னு எழுதிருவாரு. அடியில பாதி எல காஞ்சு கெடக்குண்ணே. பொறி பட்டா என்னாகும்?" ரூம் ஓரத்தில் ஒரு காய்ந்த புல் தெரிந்தாலும் ஆள் விட்டுப் பிடுங்கச் சொல்கிறவர் அவர்தான். தன் கொடி காய்வது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாமலே போயிருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை, பத்து மணிக்கு இலையைத் தொட்டுவிட்டுத் திரிக்கட்டு எடுக்க ஸ்டோருக்குப் போனவர் பத்தேகால் மணிக்குத் திரும்பினார். ஏழாம் நம்பர் ரூமின் பின்பக்கம் வேலி வெறிச்சென்று கிடந்தது. அருள்பாண்டி ஆள் விட்டு, கொடி இருந்த இடத்தைக் கொத்திச் சமப்படுத்தி எட்டு லில்லிகளை வரிசையாக நட்டிருந்தார். இரண்டில் ஆரஞ்சு நிறப் பூ விரிந்திருந்தது.

கை தானாக நீண்டு லில்லி இலையைத் தொட்டது. இலை வழுவழுவென்று, நெட்டுக்குத்தாக நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்தார். பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. நேரம் இன்னும் இருக்கிறதா, இப்போதுதானா, தாண்டியே போய்விட்டதா? அவருக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி ஏதோ சொல்ல, நாலு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

கம்பெனிக்குள் ஓடக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர். ஓடாமல், ஓடுகிற வேகத்தில் நடந்து ஏழாம் நம்பர் வாசலுக்கு வந்தார்.

"இருளம்மா. வெளிய வா."

உள்ளே சிரிப்பு நின்றது. பேரைக் கேட்டே அவள் மிரண்டுபோனாள். புருவம் வரை அலுமினியப் பொடி மின்ன, சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். "என்னங்க? வீட்டுல யாருக்காச்சும் ஏதாச்சுமா?"

அத்தனை பேர் பார்க்க, அவர் புறங்கையை அவள் நெற்றியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கூச்சத்தில் ஒரு அடி பின்வாங்கியவள், அவர் கண் மூடியிருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். நெற்றி கொதித்தது. வேர்வை அவர் விரல் வழியே இறங்கி மணிக்கட்டுக்கு வந்தது.

"எதப் பாத்துண்ணே நிறுத்துறீக?" ஆபீஸ் படியில் நின்று அருள்பாண்டி கத்தினார். "மணி பத்தரைகூட ஆகலையே. ஆர்டர் நிக்குதுண்ணே!"

சோலைச்சாமி கண்ணைத் திறக்கவில்லை. நெற்றியில் இருந்த கையை எடுக்காமல், மறு கையை வாசலுக்குள் நீட்டி, உள்ளே இருந்த மூன்று பேரையும் வெளியே வரச்சொல்லி அசைத்துக்கொண்டே இருந்தார்.