பதினேழாவது பக்கம்

பூட்டு ரிப்பேர்க்காரருக்குக் கம்ப்யூட்டரில் ஆடும் அந்த ஒற்றன் விளையாட்டின் மேல் அப்படியொரு பைத்தியம். காவலர் கண்ணில் படாமல் பதுங்கிப் பதுங்கிப் போய்க் கோட்டைக் கதவைத் திறக்க வேண்டும். கல்யாணமான புதிதில் முழு விலை கொடுத்து வாங்கினார். ஆனாலும் அது தினமும் வாசலிலேயே மறித்து, கூடவே வந்த புத்தகத்தில் இத்தனாவது பக்கம், இத்தனாவது வரியில் என்ன வார்த்தை என்று கேட்கும். சொன்னால்தான் உள்ளே விடும். யாரும் நகலெடுத்துவிடக் கூடாதென்று அந்தப் புத்தகம் முழுக்கக் கருஞ்சிவப்புத் தாளில் கறுப்பு எழுத்து. அவர் கண்ணுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

“காசு குடுத்து வாங்குனவனைத்தான் திருடன் மாதிரி விசாரிக்கிறான். திருட்டுக் காப்பி வச்சிருக்குற உன் தம்பிகிட்ட ஒரு கேள்வி கிடையாது,” என்று மனைவியிடம் எரிந்து விழுவார். நாளெல்லாம் மாற்றுச்சாவி வெட்டிக் கொடுப்பவர் தான் என்பது அப்போது நினைவிருக்காது. அவள் புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வாசித்துச் சொல்வாள். ஒரே வருஷத்தில் பாதிப் புத்தகம் அவளுக்கு மனப்பாடம்.

போன வாரம் மகள் அதே விளையாட்டைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்தாள். தட்டியதும் திறந்துகொண்டது. ஒரு கேள்வியும் இல்லை. அவருக்கு என்னவோ போல் இருந்தது.

பழைய இசை சமையலறை வரை கேட்டிருக்க வேண்டும்.

“எத்தனாவது பக்கங்க?” என்றாள் மனைவி அங்கிருந்தே.

அவர் திரையைப் பார்த்தார். ஒற்றன் ஏற்கெனவே மதிலுக்கு உள்ளே நின்றிருந்தான்.

“பதினேழு,” என்றார். “மூணாவது வரி.”